முந்தைய பக்கம்

நெமிலிச்சேரி ராஜசேகரன் காலையில் கண் விழித்ததும் முதலில் கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி கிடைத்ததும் கைபேசியைத் தேடுவார். இரண்டும் கிடைத்துவிட்டால் காபி வரும்வரை யாரும் அவரை எதற்கும் கூப்பிட முடியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலையில் இருந்தவரை ஒரு சாமானை நாலு பக்கமும் திருப்பி அளக்காமல் 'பாஸ்' என்று முத்திரை குத்தியதே இல்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமை ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வரவில்லை போலிருக்கிறது. கைபேசியில் வந்த எதையும் அவர் திருப்பிப் பார்த்ததில்லை.

அவர் சினிமாச் செய்தி படிப்பவர் அல்ல. ராசிபலனும் பார்க்க மாட்டார். அவருக்குப் பிடித்தது சட்டச் செய்தி. 'நீதிமன்றம் அதிரடி', 'பரபரப்புத் தீர்ப்பு', 'வீட்டு உரிமையாளர்களே உஷார்' என்று எது வந்தாலும் கட்டைவிரல் துடிக்கும். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை சொந்த வீடு வைத்திருக்கும் பழைய நண்பர்களைச் சேர்த்து 'சட்டம் அறிவோம்' என்று ஒரு வாட்ஸப் குழு நடத்தி வந்தார். வந்ததை வந்த சூட்டோடு அதில் போட்டுவிடுவதை ஒரு சமூக சேவையாகவே நினைத்தார்.

"கோர்ட்டுகூட ஞாயித்துக்கிழமை லீவு விடுது. உங்களுக்கு லீவே கிடையாதா?" என்று கேட்டபடி அவர் மனைவி வடிவு காபியை வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஒரு படம் வந்திருந்தது. ஏதோ ஒரு தீர்ப்பின் ஒரு பக்கம். தமிழில் அச்சாகியிருந்தது. நடுவில் மூன்று வரிகளுக்கு யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள். 'பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து, இடையூறின்றி ஒரு வீட்டில் குடியிருந்து வருபவருக்கு அந்த வீட்டின் மீது உரிமை ஏற்பட்டுவிடுகிறது. அதன் பின் உரிமையாளர் அவரை வெளியேற்ற இயலாது.'

ராஜசேகரன் இரண்டு முறை படித்தார். காபி ஆறியது. ஜன்னல் வழியே பின்பக்கம் பார்த்தார். பின் போர்ஷனில் குடியிருக்கும் டில்லிபாபு தான் ஓட்டும் கம்பெனி வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். டில்லிபாபு, அவன் மனைவி சுலோசனா, மகள் சுவேதா மூவரும் அந்த வீட்டுக்கு ஒரு தை மாதத்தில் குடிவந்தவர்கள். சுவேதா அப்போது தவழும் குழந்தை. இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். வருகிற தையோடு பன்னிரண்டு ஆண்டு முடிகிறது.

பயம் வந்துவிட்டால் பழகிய ஆள்கூடப் புது ஆளாகத் தெரிவான். தண்ணீர் மோட்டார் சுவிட்ச் பின்பக்கம்தான் இருந்தது. தினமும் விடிவதற்கு முன் டில்லிபாபுதான் அதைப் போட்டு மேல்தொட்டியை நிரப்புவான். மதில் ஓரம் முருங்கை வைத்தவன் அவன். போன பொங்கலுக்குப் பின்சுவருக்குத் தானே வெள்ளை அடித்தான். 'சொந்த வீடு மாதிரி பாத்துக்கறான்' என்று ராஜசேகரன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாக்கியம், இப்போது அவரையே திருப்பிக் குத்தியது. சொந்த வீடு மாதிரி! அப்படியானால் அத்தனையும் திட்டமா?

காபியைக் குடிப்பதற்குள் அந்தப் படத்தைத் தெரிந்த எல்லாருக்கும் அனுப்பினார். 'அவசரம். வாடகைக்கு விட்டிருப்பவர்கள் உடனே நடவடிக்கை எடுக்கவும்' என்று மேலே எழுதினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போனார்.

டில்லிபாபு அவரைக் கண்டதும் துணியை உதறிவிட்டுச் சிரித்தான். "வா அண்ணாத்தே. நானே உன்னப் பாக்க வரலாம்னு இருந்தேன். சுலோ, அத்த எடுத்துகினு வா."

சுலோசனா உள்ளேயிருந்து வந்தாள். பின்னால் முளைத்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஐ.டி. வேலைக்குப் போகிற பிள்ளைகள் பாதிப் பேருக்கு அவள் கைச் சாப்பாடுதான். ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பு ஓயாது. ஆனால் அன்றைக்கு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மூடி போட்ட ஒரு தட்டை ஏந்தி வந்தாள்.

ராஜசேகரன் தட்டைப் பார்க்கவில்லை. "டில்லி, தை பொறக்கறதுக்குள்ள வீட்டக் காலி பண்ணிடு."

"இன்னா அண்ணாத்தே, காலங்காத்தால காமெடி பண்ணிகினு..."

"காமெடி இல்ல. இதப் படி." கைபேசியை நீட்டினார்.

டில்லிபாபு எழுத்துக் கூட்டாத குறையாக மெதுவாகப் படித்தான். முகத்திலிருந்த சிரிப்பு ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சமாக இறங்கியது. "உன் ஊட்ட நான் இன்னாத்துக்கு எடுத்துக்கப் போறேன்? இந்த மாதிரி ஒரு சட்டம் கீதுன்னே எனக்குத் தெரியாது அண்ணாத்தே."

"இப்ப தெரிஞ்சிடுச்சில்ல?"

"ஒரு நிமிசம். நான் ஒண்ணு சொல்லணும், அத்த மட்டும் கேளு..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் டில்லி. கோர்ட்டே சொல்லிடுச்சு."

சுலோசனாவின் கையிலிருந்த தட்டு மெல்ல இறங்கியது. அவள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தங்கள் சமையலறையின் பின்வாசலில் நின்றிருந்த வடிவு, "என்னங்க இது?" என்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

டில்லிபாபு கைபேசியைத் திருப்பிக் கொடுத்தான். பதினோரு ஆண்டாக 'அண்ணாத்தே' என்று கூப்பிட்ட வாய், அப்போதுதான் முதல் முறையாக வேறு மாதிரி பேசியது. "சரி சார். ஒண்ணே ஒண்ணு. இதுல ஒரு பக்கம்தான் கீது. முழுசையும் கொண்டாந்து காட்டுங்க சார். முழுத் தீர்ப்புலயும் அப்டித்தான் போட்டுக்கீறாங்கன்னா, தை வரிக்கும் வேணாம். மறுநாளே சாமான வண்டில ஏத்திகினு போய்க்கினே இருப்பேன்."

அந்த 'சார்' ராஜசேகரனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் வீம்பு பெரிதாக இருந்தது. "கொண்டு வரேன். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள முழுத் தீர்ப்பையும் உன் கைல கொடுக்கறேன்," என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று முழுக்க வடிவு அவரோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. பொறுக்க முடியாமல் அவரே ஆரம்பித்தார். "நீ என்ன நினைக்கிறேன்னு தெரியுது. மழை வெள்ளத்துல எனக்கு நெஞ்சு வலி வந்தப்ப அவன்தான் வேன்ல தூக்கிட்டுப் போனான். இல்லைன்னு சொல்லல. அது வேற, இது வேற. இது சட்டம்."

"அன்னைக்கு அவன் உங்களத் தூக்கறப்ப எந்தச் சட்டத்தையும் படிச்சிட்டு வரல," என்று மட்டும் சொன்னாள் வடிவு.

திங்கட்கிழமை குழுவில் கேட்டார்: 'இந்தத் தீர்ப்பின் முழுப் பிரதி யாரிடம் உள்ளது?' ஒருவரிடமும் இல்லை. 'எனக்கு வந்தது, அனுப்பினேன்' என்றார் ஒருவர். இன்னொருவர் கும்பிடும் கைகளை அனுப்பினார். நசரத்பேட்டையில் இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் ஜஸ்டின், 'முழுசு எதற்கு ராஜசேகர்? விஷயம்தான் தெளிவாக இருக்கிறதே. நான் ஆக்‌ஷன் எடுத்துவிட்டேன்' என்று எழுதியிருந்தார். இத்தனை பேர் படித்து, இத்தனை பேர் அனுப்பிய தீர்ப்பு. அதில் ஒருவர்கூட அதை முழுதாகப் பார்த்ததில்லை என்பது ராஜசேகரனுக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது.

கம்பெனியில் கூட வேலை பார்த்த அழகேசனின் மகள் எழிலரசி பூந்தமல்லி நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தாள். அவளைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை வாங்க அங்கிள். எங்க லைப்ரரில உக்காந்து தேடிப் பாத்துடலாம்," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை வெளிவட்டச் சாலையில் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு பூந்தமல்லி போய்ச் சேர்ந்தார். ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவதாக எண்ணம். எழிலரசி கறுப்பு கவுனைத் தோளில் போட்டபடி அவரை வழக்கறிஞர் சங்க நூலகத்துக்குள் அழைத்துப் போனாள்.

ராஜசேகரன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

தரையிலிருந்து கூரை வரை புத்தகம். ஒரே அளவு, ஒரே மாதிரி தோல் அட்டை, முதுகில் பொன்னெழுத்தில் ஆண்டு. அவர் பிறந்த ஆண்டைத் தேடினார், இருந்தது. அவர் அப்பா பிறந்த ஆண்டைத் தேடினார்; அதுவும் இருந்தது, அதற்கு முன்னாலும் அலமாரி போய்க்கொண்டே இருந்தது. மேசைகளில் இளைஞர்களும் நரைத்தவர்களும் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே அந்த வளாகமே சந்தை மாதிரி இரைந்துகொண்டிருக்க, உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கோயிலுக்குள் வந்துவிட்டவர் போல ராஜசேகரன் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத்தனையும் சட்டமா எழில்?"

"சட்டம் கொஞ்சம்தான் அங்கிள். மிச்சமெல்லாம் தீர்ப்பு. ஜனங்க போட்ட வழக்கு." அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "என் கேஸ் கூப்பிடற நேரம். இதோ வந்துடறேன். தமிழ்லயும் இருக்கு, அந்த அலமாரில எதையாவது பாத்துட்டு இருங்க."

தமிழில் தீர்ப்புகளைத் தொகுத்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். முதலில் கண்ணில் பட்டது ஒரு சாக்கடை வழக்கு. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓடும் கழிவுநீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதுதான் தகராறு. நம் தெருவாக இருந்தால் நாலு கெட்ட வார்த்தையில் முடிந்திருக்கும். இங்கே இருபது பக்கத்துக்கு மேல் போனது. இடது வீட்டுக்காரர் சொன்னது என்ன, வலது வீட்டுக்காரர் சொன்னது என்ன, இடத்தை நேரில் பார்த்து வந்தவர் வரைந்த படத்தில் சரிவு எந்தப் பக்கம், கீழ் நீதிமன்றம் எதைக் கவனிக்கத் தவறியது என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் தேங்காய் விழுந்த வழக்கு ஒன்று. லாரியில் கிளீனராகப் போய் விபத்தில் இறந்தவனின் தாய் போட்ட வழக்கு ஒன்று. அதில் அந்தத் தாயின் வார்த்தைகள் அப்படியே இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி கூண்டில் ஏறி நின்று சொன்னதை, அவளை விட எவ்வளவோ பெரிய பதவியில் இருந்த ஒருவர் ஒரு சொல்லும் விடாமல் எழுதியிருக்கிறார்; அதை அச்சிட்டு, தோல் அட்டை போட்டு, இத்தனை ஆண்டு பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

ராஜசேகரனுக்கு மயிர் கூச்செறிந்தது. இந்த நாட்டில் சாக்கடைக்கும் தேங்காய்க்கும் இவ்வளவு மரியாதை உண்டா? பேர் தெரியாத மனிதர்களின் சண்டைக்காக யாரோ எங்கோ இத்தனை பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்களா? அவருக்கு அந்தப் பொறுமை பரிச்சயமானது. ஒரு உருளையைக் கையில் வாங்கி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே என்று திருப்பித் திருப்பி அளந்த தன் பழைய கைகளை அவர் அந்தப் பக்கங்களில் பார்த்தார். சந்தோஷமாகவும் இருந்தது, ஏனோ கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

எழிலரசி திரும்பி வந்து அவரை மூலையிலிருந்த கணினி முன் உட்கார வைத்தாள். கைபேசிப் படத்திலிருந்த நாலு சொற்களை நீதிமன்றத்தின் இணையதளத்தில் தட்டினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முழுத் தீர்ப்பும் திரையில் நின்றது.

"இதுக்குப் பணம் கட்டணுமா?"

"எதுக்கு அங்கிள்? தீர்ப்பு பொதுச் சொத்து. மேல் கோர்ட்டுத் தீர்ப்பெல்லாம் அவங்கவங்க வெப்சைட்லயே இலவசமா கெடைக்குது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நெறைய தமிழ்லயும் மொழிபெயர்த்துப் போட்டிருக்காங்க. சட்டங்களுக்கு அரசாங்கத்தோட தளமே தனியா இருக்கு. இந்த ரூமுக்கு வரணும்னுகூட இல்ல, உங்க போன்லயே பாக்கலாம்."

"என் போன்லயேவா?" ராஜசேகரன் தன் கைபேசியை இப்போதுதான் வாங்கியவர் போலத் திருப்பிப் பார்த்தார். இத்தனை நாள் சட்டைப் பையில் அந்த முழு அலமாரியையும் வைத்துக்கொண்டுதான், அவர் மஞ்சள் பூசிய மூன்று வரிகளைப் பார்த்து நடுங்கியிருக்கிறார்.

எழிலரசி வேகமாகப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனாள். அதே பக்கம் வந்தது. அதே வரிகள். ராஜசேகரன் துள்ளினார். "பாத்தியா! இருக்கா இல்லையா?"

"இருக்கு அங்கிள்." அவள் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுபடி முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தினாள். "இங்கேருந்து படிங்க. இன்னொரு கேஸுல வாய்தா மட்டும் வாங்கிட்டு வந்துடறேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். வழக்கு தெற்கே ஒரு ஊரில் நடந்தது. கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர், ஒரு வீட்டில் நெடுங்காலம் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்கார அம்மாள் காலி செய்யச் சொன்னபோது, இது இனி என் வீடு என்று அவர் வழக்குப் போட்டார். கீழே தோற்றார். மேலேயும் தோற்று, அதற்கும் மேலே உச்ச நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். ராஜசேகரன் கதை படிப்பது போலப் படித்துக்கொண்டே போனார். ஒரு பக்கத்தின் கடைசி வரி வந்தது.

'மேல்முறையீட்டாளர் தரப்பில் கற்றறிந்த மூத்த வழக்கறிஞர் எடுத்துரைத்த வாதங்களின் சுருக்கம் வருமாறு:'

அடுத்த பக்கத்துக்குப் போனார். அந்த மூன்று வரிகளும் அங்கே இருந்தன.

கைபேசியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டார். எழுத்துக்கு எழுத்து அதேதான். அது நீதிபதி சொன்னதல்ல. கடிகாரக்காரருக்காக அவருடைய வக்கீல் கேட்டது. அதை வாதம் என்று சொல்லும் வரி முந்தைய பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் படம் பிடிக்கவில்லை. தெரியாமல் விட்டார்களா, தெரிந்தே விட்டார்களா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

மேலே படித்தார். அடுத்து வீட்டுக்கார அம்மாளின் வக்கீல் சொன்னது, அதுவும் அதே அளவு விரிவாக. பிறகு, 'இருதரப்பு வாதங்களையும் கவனமாகப் பரிசீலித்தோம்' என்று ஒரு வரி. அதன் பிறகுதான் நீதிபதிகள் வாயைத் திறந்திருந்தார்கள். உரிமையாளரின் அனுமதியோடு வாடகைக்கு வந்தவர், எத்தனை ஆண்டு இருந்தாலும், இருந்த காரணத்தால் மட்டுமே உரிமையாளர் ஆகிவிட முடியாது. மேல்முறையீடு தள்ளுபடி.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். பயம் போனதில் வந்த நிம்மதி ஒரு நொடிதான் நின்றது. அதைவிடப் பெரிய ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கடிகாரக்காரர் தோற்கப்போகிறவர். அவருக்கு எதிராகத்தான் எழுதப் போகிறோம் என்று நீதிபதிகளுக்குத் தெரியும். இருந்தும் அவர் பேச்சைக் குறுக்கவில்லை, கேலி செய்யவில்லை, பலவீனமாக்கவில்லை. எவ்வளவு பலமாகச் சொன்னாரோ அவ்வளவு பலமாகவே எழுதியிருந்தார்கள். அது எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டிருந்தது என்றால், அதையே தீர்ப்பு என்று ஊர் நம்பிவிட்டது!

'நீ ஒண்ணும் சொல்ல வேணாம் டில்லி. கோர்ட்டே சொல்லிடுச்சு.'

தன் குரல் தன் காதிலேயே ஒலித்தது. அந்த அமைதியான அறையில் அவருக்குக் கண் கலங்கியது. பக்கத்து மேசைக்காரர் பார்க்காதபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எழிலரசி வந்தபோது அவர் முந்தைய பக்கத்தின் அந்தக் கடைசி வரியைக் காட்டினார். அவள் தலையசைத்தாள். "காலேஜ்ல எங்களுக்கு மொதல்ல சொல்லிக் கொடுக்கறதே இதுதான். ஒரு வரியப் பாத்தா, யாரு பேசறாங்கன்னு பாரு. நாங்களே அவசரத்துல சில நேரம் கோட்டை விட்டுடுவோம் அங்கிள். பன்னெண்டு வருஷக் கணக்குன்னு ஒண்ணு சட்டத்துல இருக்கறது நெஜம்தான். ஆனா அது உரிமையாளருக்கு எதிரா, அவருக்குத் தெரியற மாதிரியே, இது என்னுதுன்னு சொல்லி அனுபவிக்கறவங்களுக்கு. உங்க ஆள் மாசா மாசம் உங்க கைல வாடகை கொடுக்கறாரு இல்ல? அது என்ன அர்த்தம்? இது உங்க வீடுன்னு மாசா மாசம் அவரே ஒத்துக்கறாரு."

மாசா மாசம். ஒண்ணாம் தேதி தவறாமல் மஞ்சள் தடவிய கவரில் கொண்டுவந்து வடிவின் கையில் கொடுக்கும் சுலோசனாவின் முகம் ராஜசேகரனுக்கு நினைவு வந்தது.

முழுத் தீர்ப்பையும் அச்செடுத்துக்கொண்டு வெளியே வந்து, வேப்பமர நிழலில் நின்று முதல் காரியமாக ஜஸ்டினைக் கூப்பிட்டார். "ஜஸ்டின், ஆக்‌ஷன் எடுத்தேன்னு எழுதியிருந்தியே, என்ன பண்ண?"

"கீழ் வீட்டுல தாயம்மான்னு ஒரு அம்மா இருந்துச்சே, கம்பெனிக்குப் போயிட்டிருந்த அம்மா. நீ அனுப்பினதக் காட்டினேன். அழுதுச்சு. ரெண்டே நாள்ல காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. நல்ல வேளை ராஜசேகர், நேரத்துக்கு அனுப்பின. உனக்குத்தான் நன்றி சொல்லணும்."

"எங்க போச்சு அந்தம்மா?"

"அது யாருக்குத் தெரியும்?"

ராஜசேகரன் அந்த நன்றியைக் கையில் நெருப்பை வாங்கியவர் போல வாங்கிக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னார்.

நெமிலிச்சேரிக்கு வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. பின்பக்கம் போனார். வேனின் பின்கதவு திறந்திருந்தது. பெரிய இட்லிக் குண்டான், அண்டா, சுவேதாவின் படிக்கிற மேசை எல்லாம் வாசலுக்கு வந்திருந்தன. முழுத் தீர்ப்பும் வந்துவிடும், போகச் சொல்லிவிடுவார்கள் என்று முடிவு செய்து அவர்கள் முன்கூட்டியே மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். வடிவு படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டில்லிபாபு அவர் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தான். "கொண்டாந்துட்டீங்களா சார்? நாங்களும் ரெடியாத்தான் கீறோம்."

"உள்ள எடுத்து வை டில்லி. எல்லாத்தையும் உள்ள எடுத்து வை." படியில் வடிவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முந்தைய பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். முழுதும் சொன்னார். நசரத்பேட்டைத் தாயம்மாவைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "அன்னைக்கு நீ ஒண்ணு சொல்ல வந்த. நான் வாயத் தொறக்க விடல. இப்பச் சொல்லு. முழுசாச் சொல்லு. நான் கேக்கறேன்."

டில்லிபாபு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து சுலோசனாதான் பேசினாள்.

"வேப்பம்பட்டாண்ட ஒரு துண்டு நெலம் வாங்கிக்கீறோம். தைல பூஜை போடலாம்னு. மொதோ கல்லு நீங்க ரெண்டு பேரும்தான் எடுத்து வைக்கணும்னு நான்தான் சொன்னேன். பெத்தவங்க எங்களுக்கு இல்ல. அத்த சொல்லத்தான் அன்னிக்கி தட்டுல கேசரி எடுத்துகினு வந்தேன். ஊடு கட்டி முடிச்சிட்டு நாங்களே காலி பண்ணிகினு போயிருப்போம்ணே."

முருங்கை மரத்தில் ஒரு காக்கை கத்திவிட்டுப் பறந்தது. ராஜசேகரன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் கேட்டிருந்தால் ஒரு தட்டுக் கேசரியோடு முடிந்திருக்க வேண்டிய காலை அது.

"தோத்துப் போகப் போறவன் சொல்றதக்கூட முழுசாக் கேட்டு எழுதி வச்சிட்டுத்தான், தீர்ப்புச் சொல்ற அதிகாரம் இருக்கறவங்களே தீர்ப்புச் சொல்றாங்க," என்றார் அவர். "எனக்கு என்ன அதிகாரம் இருக்கு? ஒத்தப் பக்கத்தப் படிச்சிட்டு, எதிர்ல நிக்கற மனுஷன் பேச்சக் கேக்காம தீர்ப்புச் சொல்லிட்டேனே."

டில்லிபாபு குனிந்து இட்லிக் குண்டானைத் தூக்கினான். வேனை நோக்கிப் போகவில்லை. வீட்டுக்குள் கொண்டு வைத்துவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றான். "அந்தத் தாயம்மா எங்க கீதுன்னு கண்டுபுடிக்கணும் இல்ல? நாளிக்கி எனக்கு ட்ரிப் இல்ல. வண்டி எடுத்துகினு போலாம். அந்த ஜஸ்டின் சாரையும் இட்டுகினு போலாம்." கொஞ்சம் நிறுத்தி, வேறெங்கோ பார்த்தபடி சொன்னான்: "எழுந்திரு அண்ணாத்தே. வெயில்ல இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீற?"

ராஜசேகரன் எழுந்திருப்பதற்கு முன் கைபேசியை எடுத்தார். முழுத் தீர்ப்பையும் குழுவில் போட்டார். எதையும் மஞ்சள் பூசவில்லை. கீழே நிதானமாகத் தட்டினார்: 'நண்பர்களே, நான் அனுப்பியது தீர்ப்பு அல்ல, தோற்றவரின் வாதம். இதை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். நீதிமன்றத் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. முழுதாகப் படிக்காத எதையும் இனி இங்கே யாரும் அனுப்ப வேண்டாம், முதலில் நான் அனுப்ப மாட்டேன். என்னை நம்பி யாரையாவது காலி செய்யச் சொல்லியிருந்தால், இன்றே அவர்கள் வாசலுக்குப் போங்கள். போய் எதுவும் பேசாதீர்கள். அவர்கள் சொல்வதைக் கடைசி வரை கேளுங்கள்.'

அனுப்பும் முன் அதை அவர் ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்த்தார்.